திறப்பும் உரிமையும்

கம்பளையில் எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர், ஜப்பானில் பாவித்த கார் ஒன்றை வைத்திருக்கிறார். வாங்கும்போது ஒரேயொரு திறப்புத்தான் கிடைத்தது. அண்மையில் அது தொலைந்துபோயிற்று. அதே வடிவில் வேறொரு திறப்பு வெட்டினார். கதவு திறந்தது, எஞ்சின் இயங்கவில்லை.

காரணம் இம்மொபிலைசர். திறப்பினுள் இருக்கும் சிறு சில்லைக் காரின் கட்டுப்பாட்டுக் கணினி அடையாளம் கண்டால்தான் எஞ்சினை இயங்கவிடும். கராஜ்காரர் இரண்டு வழி சொன்னார்: புதிய சில்லைக் கணினியில் பதிவது, அல்லது மென்பொருளையே மாற்றி, திறப்பைச் சோதிக்காதபடி செய்துவிடுவது. இரண்டாவது மலிவு. "இது சட்டவிரோதமில்லையா?" என்று ஆசிரியர் என்னிடம் கேட்டார்.

2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம் தண்டிப்பது, அதிகாரமின்றிக் கணினியில் நுழைவதையும் அதை மாற்றுவதையும். உரிமையாளரே கேட்டுச் செய்விப்பதைத் திருட்டோடு சேர்க்க முடியாது என்பது என் வாசிப்பு. ஆனால், நிரலை எழுதியவருக்கும் உரிமை உண்டு. 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களைப் பாதுகாக்கிறது. அமெரிக்காவில் இதே சிக்கல் எழுந்தபோது, பழுதுபார்ப்பதற்காக வாகன மென்பொருளின் பூட்டைத் திறக்க 2015இல் உரிமையாளர்களுக்கு விலக்களித்தார்கள்.

இரகசியம் காப்பதே பாதுகாப்பு என்று வாகன நிறுவனங்கள் வாதிடுவதுண்டு. மெகாமோஸ் என்ற இம்மொபிலைசர் சில்லின் பலவீனத்தை விளக்கிய ஆய்வுக் கட்டுரைக்கு, வொக்ஸ்வாகன் நிறுவனம் 2013இல் இங்கிலாந்து நீதிமன்றத்தில் தடை பெற்றது. ஒரு வாக்கியத்தை நீக்கியபின் 2015இல் கட்டுரை வெளியாயிற்று. இடைப்பட்ட மௌனத்தால், வீதியில் ஓடிய கார்களின் சில்லுகள் உறுதிபெற்றுவிடவில்லை.

ஆயினும் இம்மொபிலைசரே வேண்டாம் என்பதும் சரியல்ல. அது பொருத்தப்படாத கியா, ஹூண்டாய் கார்களை, யு.எஸ்.பி. கம்பியின் முனையைக் கொண்டே அமெரிக்க இளைஞர்கள் 2021, 2022ஆம் ஆண்டுகளில் திருடிச் சென்றார்கள். எனவே, முதல் வழியையே தெரிவுசெய்யுமாறு ஆசிரியரிடம் சொன்னேன்.

இலங்கையில் 2020 முதல் 2025 வரை தனியார் வாகன இறக்குமதி நின்றிருந்தது. பழைய கார்களே கைமாறிக்கொண்டிருந்தன. காவல் நீக்கப்பட்ட காரை, அதைச் சொல்லாமல் விற்பவர், தம் செலவைக் குறைத்து ஆபத்தை வாங்குபவர் தலையில் கட்டுகிறார். சட்டம் எப்படியிருந்தாலும் அது ஏமாற்று.

கராஜ்காரருக்கும் கடமை உண்டு. கணினியைத் தொடுமுன் வாகனப் பதிவுச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பார்த்து, செய்த வேலையை எழுதிவைக்கவேண்டும். கருவி ஒன்றுதான், உரிமையாளருக்கு உதவுகிறோமா, திருடனுக்கா என்பதை அந்தச் சிறு விசாரணைதான் தீர்மானிக்கிறது.