லெபனான் உணவும் எங்கள் அடுப்படியும்

பிறநாட்டாரை அறிவதற்கு அவர்தம் நூல்களைக் கற்றலும், அவர்தம் ஊர்களுக்குச் செல்லுதலும் சிறந்த வழிகள் என்பர். இவ்விரண்டும் வாய்க்கப் பெறாதார்க்கு மூன்றாவது வழி ஒன்றுண்டு. அஃது அவர்தம் உணவைத் தம் இல்லத்தில், தம் கையாலேயே சமைத்து உண்பதாம். சென்ற கோடை விடுமுறையில், காவிரியும் பவானியும் கூடும் எம்மூராகிய பவானியில், யான் இவ்வழியை மேற்கொண்டு கற்றவற்றை இம்மலரின் வாசகர்க்கு உரைக்க விழைகின்றேன்.

லெபனான் என்பது மத்தியதரைக் கடலின் கீழ்க்கரையில், 10,452 சதுர கிலோமீட்டர் பரப்புடைய சிறிய மலைநாடு. வேதாகமத்தில் லீபனோன் என்றும், கேதுரு மரங்கள் ஓங்கி வளரும் இடம் என்றும் நம் மாணவர் பலர் இதனைப் படித்திருப்பர். என் தாய்மாமன் ஷார்ஜாவில் பல்லாண்டு பணியாற்றியவர். அங்குத் தம்முடன் தங்கியிருந்த லெபனான் நாட்டார் ஒருவரிடம் கற்ற உணவுகளை எமக்குக் கற்பிக்க அவர் முன்வந்தார்.

முதலாவது ஹும்முஸ். அரபு மொழியில் இச்சொல்லுக்குக் கொண்டைக்கடலை என்பதே பொருள். வெள்ளைக் கொண்டைக்கடலையை இரவு முழுதும் ஊறவைத்து, விரலால் நசுக்கினால் குழையும் பதம் வரை வேகவைத்து, பூண்டும் உப்பும் எலுமிச்சஞ்சாறும் எள் விழுதும் சேர்த்து வெண்ணெய்போல் அரைத்தல் வேண்டும். தஹினி எனப்படும் அவ்வெள் விழுது யான் தேடிய கடைகளில் அகப்படவில்லை. எனினும் எள் நமக்குப் புதியதோ? வெள்ளை எள்ளை ஊறவைத்துத் தேய்த்துத் தோல் நீக்கி, உலர்த்தி, நிறம் மாறாமல் இளஞ்சூட்டில் வறுத்து, சிறிது நல்லெண்ணெய் விட்டு ஆட்டுக்கல்லில் அரைத்தோம். வறுவல் மிகுந்தால் விழுது கசக்கும். அஃதொன்றே கவனிக்கத் தக்கது.

இரண்டாவது முஜத்தரா. அரிசியும் தோல் நீக்காத முழு மைசூர்ப் பருப்பும் ஒருங்கே வெந்து, மேலே கருஞ்சிவப்பாக வதக்கிய வெங்காயம் தூவப்பெறும் சோறு இது. சோற்றிடையே பருப்பு புள்ளி புள்ளியாய்த் தோன்றுதலால், ‘அம்மைத் தழும்புடையது’ என்னும் பொருளில் இப்பெயர் அமைந்தது. 1226 ஆம் ஆண்டில் பாக்தாதில் எழுதப்பெற்ற சமையல் நூலொன்றிலேயே இதன் செய்முறை காணப்படுகின்றது. வெங்காயத்தை ஒலிவ எண்ணெயில் அவசரமின்றி வதக்குவதிலேயே இதன் சுவை முழுதும் அடங்கியுள்ளது.

இதனை என் அம்மிச்சியார் முன் பெருமையுடன் வைத்தேன். அவர் ஒரு கவளம் உண்டு, சற்றே சிந்தித்து, “இது நம்ம அரிசிம்பருப்புச் சோறுதான் கண்ணு, மஞ்சத்தூள் போட மறந்துட்டாங்களாட்ட இருக்குது” என்றார். யாவரும் நகைத்தோம். ஆயினும் அச்சொல் என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. துவரம்பருப்பும் சின்ன வெங்காயமும் சீரகமும் கொண்டு கொங்கு நாட்டு உழவர் இல்லங்களில் ஆக்கும் சோற்றிற்கும், அம்மலைநாட்டு உழவர் ஆக்கும் சோற்றிற்கும் இடையே உள்ளது உறவேயன்றி வேற்றுமை அன்று. இரண்டும் ஒரே பானையில், சிறு செலவில், களைத்து வந்தாரின் பசியைத் தீர்ப்பன.

பின்னர் எதனைக் கேட்டாலும் இவ்வுறவே புலனாயிற்று. கோதுமையைப் புழுக்கி உலர்த்தி உடைத்து வைப்பது புர்குல். புழுங்கலரிசி உண்ணும் நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. அப்புர்குலைத் தயிருடன் புளிக்கவைத்து, வெயிலிலிட்டுப் பொடியாக்கிக் குளிர்காலத்திற்குச் சேமிப்பது கிஷ்க். இவ்வாறு சேமிக்கும் பண்டங்களை அவர்கள் மூனே என்கின்றனர். எங்கள் மாடியில் காயும் கூழ்வற்றலும் மோர்மிளகாயும் இவற்றின் உடன்பிறப்புகளே அல்லவா?

இச்சேமிப்பு வெறும் சுவைக்காக எழுந்ததன்று. முதல் உலகப் போரின்போது, 1915 ஆம் ஆண்டில் வெட்டுக்கிளிகள் லெபனான் மலையின் பயிரை அழித்தன. நேச நாட்டாரின் கடல் முற்றுகையும், ஆட்டோமான் அரசு தானியப் போக்குவரவிற்கு இட்ட தடையும் சேர, 1918 வரை நீடித்த பஞ்சத்தில் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்று கணிக்கின்றனர். நம் நாட்டிலும் 1876 முதல் 1878 வரை நேர்ந்த தாது வருடப் பஞ்சத்தின் பெயரை முதியோர் அச்சத்துடனேயே கூறிவந்தனர். பசியை அறிந்த மக்களே ஒரு கைப்பிடித் தானியத்தையும் வீணாக்காது காக்கும் வழிகளைக் கண்டறிந்தனர்.

அம்மிச்சியாருக்கு இப்போது 82 வயது. கூழ்வற்றலுக்கு மாவு எத்துணை நாழிகை புளித்தல் வேண்டும், கொள்ளுப் பருப்பு எப்பதத்தில் கடைதற்குரியது என்பனவெல்லாம் அவர் கையிலும் நாவிலுமே உள்ளன; ஏட்டில் இல்லை. “எவ்வளவு உப்பு?” என்று வினவினால், “கை சொல்லும்” என்பார். அக்கை ஓய்ந்தபின் யாரிடம் வினவுவது? ஆதலின் மாமனார் உரைத்த லெபனான் முறைகளை எழுதத் தொடங்கிய குறிப்பேட்டின் மறுபுறத்தில், அம்மிச்சியார் அள்ளும் ஒவ்வொரு பிடியையும் நிறுத்து அளந்து எழுதி வருகின்றேன். இதுகாறும் 31 முறைகள் நிரம்பியுள்ளன.

ஏசா என்பான் பசியால் வாடி, ஒரு வேளைப் பயற்றங்கூழுக்காகத் தன் சேஷ்ட புத்திரபாகத்தை விற்றான் என்னும் கதையை நாம் அறிவோம். நம் தலைமுறைக்கோ அக்கூழே முன்னோர் விட்டுச்சென்ற பாகமாக இருக்கின்றது. அதனை நாம் விற்கவும் வேண்டுவதில்லை. கேளாதிருந்தாலே போதும், தானே கைவிட்டுப் போய்விடும். மாணவ நண்பர்களே! அயல்நாட்டு உணவை ஆவலுடன் சமைத்துப் பாருங்கள், அது நன்று. சமைத்ததில் ஒரு கவளத்தை வீட்டிலுள்ள முதியவர்க்கு ஊட்டி, அவர் கூறுவதை எழுதிக்கொள்ளுங்கள்; அது அதனினும் நன்று.