இரு பெண்களின் பெயர் கொண்ட கப்பல்

பாஸ்டன் நகரில் உத்தியோகம் பார்க்கும் நம் மருமான் சென்ற மாதம் ஒரு கப்பலின் படத்தை அனுப்பியிருந்தான். இரண்டு பாய்மரங்கள், காற்றில் விம்மிய பாய்கள், பின்னால் சாம்பல் நிறக் கடல். கூடவே ஒரு கேள்வி: “மாமா, இந்தக் கப்பல் 1894-ல் பிறந்தது என்று இங்கே எல்லோரும் பெருமை பேசுகிறார்கள். ஆனால் 2015-ல் பிரிக்க ஆரம்பித்து 2022 வரை மரத்தை மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். பழைய மரம் சொற்பம். பெயரும் இரண்டு முறை மாறிவிட்டது. பிறகு இதில் 1894 எங்கே இருக்கிறது?”

மருமான் என்ஜினீயர், இப்படிச் சந்தேகப்படுவதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். ஆனால் கேள்வி நம்மை விடவில்லை. நம் வீட்டுக் கூடத்து ஊஞ்சலுக்குப் பலகை இரண்டு முறை மாறியிருக்கிறது. சங்கிலி ஒரு முறை மாறியது. ஆயினும் அது தாத்தாவின் ஊஞ்சல் என்பதில் வீட்டில் எவருக்கும் ஐயமில்லை. வீட்டை விற்றுவிடலாம், ஊஞ்சலைப் பழைய சாமான் கடையில் போட்டுவிடலாம் என்று தம்பி இப்போது சொல்லி வருகிறான். ஆகையால் அந்தக் கப்பலின் கதையை நாம் சற்று அக்கறையோடே படித்தோம்.

மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் எஸெக்ஸ் என்னும் சிற்றூரில் அது கட்டப்பட்டது. வில்லியம் மாரிஸி என்ற மீன்பிடிக் கப்பல் தலைவர் தம் பெண்ணின் பெயரையே அதற்கு வைத்து, “எஃபி எம். மாரிஸி” என்றழைத்தார். ஸ்கூனர் என்ற ஜாதியைச் சேர்ந்தது அது. ஸ்கூனரின் பாய்கள் கப்பலின் நீளவாக்கில் அமைந்தவை. குறுக்குப் பாய் கட்டிய பெருங்கப்பல்களில் மாலுமிகள் புயலிலும் மரத்தின்மேல் ஏறித்தான் பாயைச் சுருட்ட வேண்டும். ஸ்கூனரிலோ பெரும்பாலான வேலை தளத்தில் நின்று கயிறு இழுப்பதோடு முடிந்துவிடும். சில ஆட்கள் போதும். ஏழைகளுக்கு ஏற்ற கப்பல் என்று சொல்லலாம்.

குளஸ்டர் துறைமுகத்திலிருந்து அது காட் மீன் பிடிக்கப் போயிற்று. (சைவர்களான நேயர்கள் இரண்டு வாக்கியம் பொறுத்தருள வேண்டும்.) நடுக்கடலில் கப்பலை நிறுத்தி, சின்னஞ்சிறு படகுகளை இறக்கி, ஆட்கள் தூண்டிலோடு நாற்புறமும் பிரிந்து போவார்கள்; பிடித்த மீனை வெட்டி உப்பிட்டுக் கப்பலின் வயிற்றில் அடுக்குவார்கள். மூடுபனி கவிந்தால் கப்பலுக்குத் திரும்பும் வழி தெரியாது. அவ்விதம் திரும்பாமலே போனவர்கள் குளஸ்டரில் ஏராளம்.

குளஸ்டர் என்றதும் ஒரு கிளைக்கதை. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் நம்மவர் கட்டிய “அன்னபூரணி அம்மாள்” என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் விலைக்கு வாங்க, அது 1938 ஆகஸ்டில் வந்து சேர்ந்தது இதே துறைமுகத்திற்குத்தான். வாங்கியவர் அதற்குத் தம் மனைவியின் பெயரைச் சூட்டிவிட்டார். கப்பலுக்கும் புகுந்த வீட்டில் பெயர் மாறும் போலும்!

மாரிஸி பிற்பாடு கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்கும் நியூபவுண்ட்லாந்துக்கும் கை மாறியது. பிறகு பாப் பார்ட்லெட் என்னும் மகா தைரியசாலியிடம் வந்தது. இவருடைய சரித்திரமே தனிப் புத்தகத்துக்குக் காணும். 1914-ல் இவர் தலைமை வகித்த கார்லக் என்ற கப்பலைப் பனிக்கட்டி நெருக்கி உடைத்தது. உடன் வந்தவர்களை ஒரு தீவில் சேர்த்துவிட்டு, ஒரே ஒரு துணைவருடன் பனிமேல் நடந்து ஸைபீரியா கரையை அடைந்து, உதவிக்கு ஏற்பாடு செய்தவர் இவர். 1926 முதல் 1945 வரை இவர் மாரிஸியை வட துருவப் பிரதேசத்துக்கு ஓட்டிக்கொண்டே இருந்தார். விஞ்ஞானிகளுக்கு இடம் கொடுத்தார். செலவுக்கு என்ன செய்தார் என்பதுதான் வேடிக்கை: பணக்கார வீட்டுப் பிள்ளைகளைக் கட்டணம் வாங்கி ஏற்றிக்கொண்டு, அவர்களையே வேலை வாங்கினார்! 1940-ல் துருவத்திற்கு 600 மைலுக்குள் போய்த் திரும்பினார். 1946-ல் காலமானார்.

அதற்கு அடுத்த வருஷம் நியூயார்க் அருகே கப்பலில் தீப்பிடித்தது. தீயை அணைக்கப்போய்க் கப்பல் மூழ்கிற்று. வயது 53. புத்திசாலிகள் எவரும் அதைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

திரும்பிப் பார்த்தவர் ஹென்ரிக் மென்டிஸ் என்ற கேப் வெர்டி நாட்டுக் கப்பல் தலைவர். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் பத்துத் தீவுகள் கேப் வெர்டி. பெயரில் பசுமை இருக்கிறது. மண்ணிலோ மழை அபூர்வம். கோவாவை 1961 வரை விடாமல் பிடித்திருந்த அதே போர்ச்சுகல்தான் இவற்றையும் பிடித்திருந்தது. 1940-களில் அங்கே அடுத்தடுத்து வந்த பஞ்சங்களில் பல்லாயிரம் பேர் மாண்டனர். ஆண்ட துரைத்தனம் கையைக் கட்டிக்கொண்டிருந்தது. நம் வங்காளத்தில் 1943-ல் நடந்ததை அறிந்தவர்களுக்கு இதை விரிக்க வேண்டியதில்லை.

அந்தப் பஞ்ச நாளிலே, 1948-ல், கரிந்த கப்பலை வாங்கிச் செப்பனிட்ட மென்டிஸ் அதற்குத் தம் பெண்ணின் பெயரைச் சூட்டினார்: எர்னெஸ்டினா. முன்பே பல கேப் வெர்டிக்காரர்கள் திமிங்கில வேட்டைக் கப்பல்களில் சேர்ந்து அமெரிக்கா போய்க் குடியேறியிருந்தனர். அவர்களுக்கும் தீவில் இருந்த தாய் தந்தையருக்கும் இடையே அட்லாண்டிக் சமுத்திரம் கிடந்தது. அதில் எர்னெஸ்டினா பாய் விரித்து ஆட்களையும் சாமான்களையும் சுமந்தது. ஆகாய விமானங்கள் சமுத்திரம் தாண்டத் தொடங்கிப் பல வருஷங்கள் ஆன பின்பும், 1965 வரை, காற்றை நம்பி அந்தக் கிழக் கப்பல் அமெரிக்கக் கரைக்கு வந்து போயிற்று. அப்புறம் தீவுக்குத் தீவு ஓடியது.

மீன் பிடித்த நாட்களையும் துருவம் போன நாட்களையும் எல்லோரும் புகழ்கிறார்கள். நமக்கென்னவோ இந்தப் பதினேழு வருஷமே பெரிதாகப் படுகிறது. பணமுள்ளவர்கள் கைவிட்டதை, இன்னொன்று வாங்க வழியில்லாதவர்கள் ஒட்டுப்போட்டு ஓட்டியிருக்கிறார்கள். மருமான் கேட்ட 1894 அவர்கள் கையில்தான் பத்திரமாக இருந்தது.

1975 ஜூலை 5-ம் தேதி கேப் வெர்டி சுதந்திரம் பெற்றது. மறு வருஷம் அமெரிக்கச் சுதந்திரத்தின் 200-வது ஆண்டு விழா. நியூயார்க்கில் கூடிய பாய்க்கப்பல்களின் அணிவகுப்பில் சேர எர்னெஸ்டினா புறப்பட்டது. வழியில் புயல், பாய்மரம் முறிந்தது, தீவுக்கே திரும்ப நேர்ந்தது. கஜானாவில் காசில்லாத ஒரு புது ராஜ்யம் அந்தக் கப்பலை விறகாக விற்றிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர்கள் அதைச் சீர்செய்தார்கள். 1982-ல் கடல் கடத்தி அமெரிக்காவுக்கு நன்கொடையாகவே கொடுத்தார்கள். ஏழை நாடு செல்வ நாட்டுக்குக் கொடுத்த தானம்! இந்த இடத்தில் நாம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் ஊஞ்சலில் ஆடினோம்.

1990-ல் அமெரிக்க சர்க்கார் அதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. பிற்பாடு இரண்டு பெண்களின் பெயரையும் சேர்த்து “எர்னெஸ்டினா மாரிஸி” ஆக்கினார்கள். மெய்ன் மாகாணத்துப் பட்டறையில் புது ஓக் மரம் வைத்துக் கட்டிய பின், மாஸசூஸெட்ஸ் கடற்பயிற்சிக் கல்லூரி மாணவர்கள் அதில் தொழில் பழக வந்திருக்கிறார்கள். கிழவிக்கு இன்னும் ஓய்வில்லை.

மருமானுக்குப் பதில் எழுத வேண்டும். அவன் ஊருக்குத் தெற்கே நியூ பெட்ஃபர்டில் கேப் வெர்டிக் குடும்பங்கள் நிறைய உண்டு. அங்கே வயதான பாட்டிமார் யாரேனும் அகப்பட்டால், எர்னெஸ்டினாவில் ஊருக்கு என்னென்ன கட்டி அனுப்பினார்கள் என்று கேட்டு எழுதும்படி சொல்லப்போகிறோம். மரத்தைப் பற்றி விசாரித்தது போதும். ஊஞ்சல் விஷயம் தம்பியோடு இன்னும் பேசி முடியவில்லை.