குந்திப் பார்க்கும் ஜன்னல்

ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மழை விட்டிருந்தது. அங்கிருந்து கீழ்ச்செப்பிலிக்கு உள்ளூர்த் தம்பி ஒருவரின் பைக்கில் போனேன். சவ்வாது மலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பீமன் மடவு அருவியையோ காவலூர் வானாய்வகத்தையோ தேடி வருவார்கள். நான் வந்தது கல்திட்டைகளுக்காக. பெருங்கற்கால மக்கள் தங்கள் இறந்தவர்களுக்கு எழுப்பிய ஈமச் சின்னங்கள் அவை. ஊரில் ‘வாலியர் வீடு’ என்கிறார்கள்.

வீடு என்பது பொருத்தமான பெயர்தான். சுவருக்குப் பலகைக் கற்கள், கூரைக்கு ஒரு மூடுகல். சாந்து கிடையாது, ஒரு கல்லின் பாரமே அடுத்த கல்லை நிறுத்தி வைத்திருக்கிறது. முன்பலகையில் வட்டமாக ஒரு துளை. தொல்லியலார் இதை ‘இடுதுளை’ என்பார்கள். எலும்புகளையும் படையலையும் பின்னாளில் உள்ளே வைக்க விட்ட வழி என்பது அவர்கள் தரும் விளக்கம்.

குனிந்து பார்த்தேன். இருட்டுதான் தெரிந்தது. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டி, “நின்னுகினு பாத்தா என்னா தெரியும்? குந்திப் பாரு சாமி” என்றார்.

குந்தினேன். துளை கண்ணுக்கு நேராக வந்தது. மூடுகல்லின் இடுக்கில் இறங்கிய வெளிச்சத்தில் உள்ளே ஈரச் சருகும் ஒரு சிலந்தி வலையும் தெரிந்தன.

எனக்கு ஸ்பெயினின் கிரனடா நகரம் நினைவுக்கு வந்தது. அங்கே அல்ஹம்ப்ரா அரண்மனையில், 14ஆம் நூற்றாண்டில் ஐந்தாம் முகமது சுல்தான் காலத்தில் கட்டிய ‘லிந்தராஹா’ என்ற பார்வை மாடம் இருக்கிறது. அதன் முன்சுவரில் இரட்டை வளைவுச் சாளரம்: நடுவில் மெல்லிய ஒரு தூண், அதன் இரு தோளிலும் இரண்டு வளைவுகள். அங்கே போயிருந்தபோது, சாளரம் ஏன் இவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்று நின்றபடி யோசித்தேன். அரண்மனைக்காரர்கள் தரையில் மெத்தை விரித்து அமர்ந்தவர்கள். அமர்ந்த கண்ணுக்குத்தான் அந்த உயரம். முழங்காலிட்டுப் பார்த்ததும் தோட்டம் முழுக்க இரண்டு சட்டங்களுக்குள் வந்துவிட்டது. ஒரு காலத்தில் அங்கிருந்து ஆற்றுப் பள்ளத்தாக்கே தெரிந்ததாம். 16ஆம் நூற்றாண்டில் ஐந்தாம் சார்லஸ் எழுப்பிய அறைகள் அந்தக் காட்சியை மறைத்துவிட்டன. நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

வளைவை ஏன் இரண்டாக்கினார்கள்? வளைவு தன் மேலுள்ள பாரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். அகலம் கூடக்கூட அந்தத் தள்ளுதலைத் தாங்க இரு புறமும் கனத்த சுவர் வேண்டும். இரண்டு சின்ன வளைவுகளாகப் பிரித்து, சுவரின் பாரத்தை மேலே ஒரு பெரிய வளைவு ஏற்றுக்கொண்டால், நடுத்தூண் கை மொத்தத்துக்கு மெலியலாம். 1184இல் மசூதிக் கோபுரமாகத் தொடங்கிய, செவில்லா நகரின் ஹிரால்டா கோபுரம் இத்தகைய இரட்டைச் சாளரங்களை அடுக்கடுக்காகக் காட்டுகிறது. இத்தாலியின் இடைக்கால மணிக்கூண்டுகளிலும் உண்டு.

நம் கல்தச்சர்கள் பாரத்தைத் தூணிலும் உத்தரத்திலும் நேராக இறக்கியவர்கள். ஆனால் வளைந்த சாளரத்தின் மேல் அவர்களுக்கும் ஆசை இருந்திருக்கிறது. மாமல்லபுரத்து ரதங்களின் கூரை விளிம்பில் லாட வடிவில் வரிசையாக இருக்கும் ‘கூடு’களைப் பாருங்கள். 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகள், மரக் கட்டடத்துச் சாளரத்தைப் பாறையில் செதுக்கி, உள்ளிருந்து முகங்கள் எட்டிப் பார்க்கும்படி வைத்தார்கள். காற்று நுழையாத சாளரங்கள், ஆனால் ஆள் இருக்கிற சாளரங்கள்.

காற்று வரும் வழி என்று பொருள்படும் ‘காலதர்’ நம் பழஞ்சொல். இன்று நாம் பேசும் ‘ஜன்னல்’ போர்த்துகீசியரின் ‘ஜனேலா’. ஸ்பெயினுக்கு அடுத்த வீட்டிலிருந்து கப்பலேறி வந்தது. லத்தீன் வேரில் அதற்குச் ‘சின்னக் கதவு’ என்று பொருள். வாலியர் வீட்டின் முன் குந்தியிருந்தபோது அந்தப் பொருள்தான் சரியென்று பட்டது. இந்தத் துளையைக் குடைந்தவர், கருங்கல் பிளந்துவிடாமல் எத்தனை நாள் பொறுமையாகக் கொத்தியிருப்பார்! விளிம்பைத் தடவினேன். வழவழவென்று இருந்தது.

“அங்க இன்னொன்னு இருக்குது, வா” என்று பாட்டி சாமை வயலின் ஓரமாக முன்னே நடந்தார். அந்தத் திட்டையின் மூடுகல் பாதி சரிந்திருந்தது. துளை மட்டும் பின்னப்படாமல் இருந்தது. இந்த முறை அவர் சொல்வதற்குள் குந்திவிட்டேன். சரிந்த கல் விட்ட இடைவெளியில், துளைக்கு அந்தப் பக்கம் வயலும் மழை கழுவிய மலையும் தெரிந்தன.