உச்சிவேளைச் சாப்பாடு

மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரில் வைத்த சோற்றைத் தாய்க்காகம் கொத்துகிறது. பக்கத்தில் நிற்கும் குஞ்சு உருவத்தில் அம்மாவுக்குச் சளைத்ததில்லை. காலடியில் பருக்கை கிடந்தாலும், சிவந்த வாயைப் பிளந்து, இறக்கையைப் படபடத்து அம்மாவிடம்தான் கேட்கும். சோற்றைத் தானே எடுக்கத் தெரிவதற்கு முன்பே இந்தச் சுவரும், கதவு திறக்கும் சத்தமும் அதற்குப் பழகிவிடுகின்றன. பறவைக்கு முதலில் பதிவது இடம்தான், தீனி அப்புறம் என்பது என் கட்சி.

இதற்குச் சாட்சி திருக்கழுக்குன்றம். வேதகிரி மலைமேல் உச்சிவேளைக்கு முன் அரிசி, நெய், சர்க்கரை சேர்த்த பிரசாதத்தை அர்ச்சகர் வைக்க, இரண்டு கழுகுகள் இறங்கிவந்து சாப்பிடும். காசியில் நீராடி ராமேசுவரம் போகிறவை என்று ஐதிகம். என்றைக்காவது வராவிட்டால் கூட்டத்தில் பாவி எவனோ இருக்கிறான் என்பார்கள். அன்று மலையேறியவர்கள் ஒருவரையொருவர் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்!

உண்மையில் அவை மஞ்சள்முகப் பாறுகள். செத்த மாட்டையும் சாணத்தையும் தின்பவை. அந்த மஞ்சளே சாணத்தில் கிடைக்கும் நிறமிதான். அப்பேர்ப்பட்ட பிராணி நெய்யும் சர்க்கரையும் சேர்ந்த சோற்றுக்கு வேளை தவறாமல் வந்ததென்றால், ருசி மட்டும் இழுத்து வந்திருக்காது. பாறுக்கு முப்பது நாற்பது வயதே பெரிய ஆயுசு. ஆகவே தலைமுறை தலைமுறையாக வந்த ஒரே ஜோடி என்று பக்தர் கும்பிட்டது, ஒன்றன்பின் ஒன்றாக வந்த பல ஜோடிகளைத்தான். பாறுக்குஞ்சு கரும்பழுப்பாக இருக்கும். வெளுக்க ஐந்து வருஷமாவது ஆகும். அந்தக் கறுத்த பிள்ளைகளில் ஏதோ ஒன்று, பெரியவை எங்கே இறங்குகின்றன என்று பார்த்து வைத்திருக்க வேண்டும். புராணத்தில் அதற்கு ஒரு வரி இடமில்லை என்பது என் குறை.

1990களின் பிற்பகுதியோடு வரவு நின்றுபோனது. பாறை இருக்கிறது, பிரசாதத்துக்கும் பஞ்சமில்லை. அங்கே இறங்கலாம் என்று காட்டித்தர மூத்தது ஒன்று வேண்டுமே.

இது புரியாமல் எங்கள் குடியிருப்பில் திதிக்குத் திதி ஒரு புலம்பல்: “கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டதுதான் மிச்சம், ஒரு காக்கா வரல. அப்பாவுக்கு என்ன கோபமோ!” மற்ற நாளெல்லாம் பால்கனியில் வலை கட்டி வைத்திருப்பவர்களும் இவர்களேதான்.