மலைமேல் உப்புத்தண்ணீர்

ஏற்காட்டுக்குக் கடல்மீன் கொண்டுபோகிறவர்கள் கவரில் ஆக்சிஜனை முட்ட முட்ட நிரப்புவதில்லை. சேலத்தில் இறுக்கிக் கட்டிய கவர் 1,500 மீட்டர் உயரத்துக்கு ஏறும்போது, வெளியே காற்றழுத்தம் குறையக் குறைய, ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு கூடுதலாக உப்பும். ரப்பர் பேண்ட் தெறித்தால் தண்ணீரோடு மீனும் போய்விடும். ரொம்பத் தளர்த்திக் கட்டினாலும் ஆபத்துதான். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் தண்ணீர் அலசும். மீன் கவரின் அடிமூலையில் சிக்கி வாலைக் கிழித்துக்கொள்ளும். அதனால் அடிமூலைகள் இரண்டையும் மடக்கி, மூலை இல்லாமல் உருண்டையாகக் கட்டுகிறார்கள். சேலத்தில் அலங்கார மீன் கடை வைத்திருப்பவர் இதைச் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கண் வேறெங்கோ இருந்தது. விரல்கள் தானாகவே மடித்துச் சுற்றி முடித்தன.

அன்று ஆம்னி வேனில் போனது ஒரு கோபி மீன். ஆனால் கடைக்காரர் மலையேறியதற்கு உண்மையான காரணம் வேறு. ஒண்டிக்கடைப் பக்கம் காப்பித் தோட்டத்து வீடு ஒன்றில், கடைக்காரர்கள் நிமோ என்று சொல்லும் கோமாளி மீன் ஜோடி இருக்கிறது. அதில் சின்னதற்கு வால் கிழிந்திருக்கிறது என்று போன் வந்திருந்தது.

வீட்டுக்குள் போனதும் அவர் மீனைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தார். கூட வந்த உதவியாள், "ஏண்ணா, மருந்து ஊத்திடலாமா?" என்றார். "மொதல்ல அமோனியா பாருப்பா. தண்ணி கெட்டிருந்தா எந்த மருந்தும் நிக்காது." சோதனைக் குழாயில் விட்ட தண்ணீர், அமோனியா இல்லையென்றால் மஞ்சளாக நின்றிருக்க வேண்டும், வெளிர்பச்சைக்குத் திரும்பியது. முந்தைய வாரம் இரவு முழுக்கக் கரண்ட் இல்லை, ஹீட்டரும் பம்பும் நின்றுபோயின என்று வீட்டம்மா சொன்னார். ஏற்காட்டுப் பனிக்காலத்து இரவு 15 டிகிரிக்கும் கீழே போகும். இந்த மீனுக்கு வேண்டியது 26 டிகிரி. சமவெளியில் உப்பு டேங்க் வைப்பவர்கள் தண்ணீரைக் குளிர்விக்கச் சில்லருக்குச் செலவழிக்கிறார்கள். இங்கே செலவு சூடேற்றுவதற்கு.

மூச்சுக்கும் இந்த உயரத்தில் சிக்கல் உண்டு. நல்ல தண்ணீரைவிட உப்புத்தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். ஏற்காட்டில் காற்றழுத்தம் குறைவு என்பதால், கடல்மட்டத்தில் கரைவதில் ஆறில் ஐந்து பங்குதான் கிடைக்கும். ஆகவே மேற்பரப்பு எப்போதும் கலங்கிக்கொண்டே இருக்க வேண்டும். பம்பின் வாயை மேல்நோக்கித் திருப்பி வைத்துவிட்டு, கரண்ட் போனாலும் ஓடும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றையும் மாட்டினார்.

பிறகுதான் செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து வாலைப் பார்த்தார். கிழிசலின் விளிம்பு சுத்தமாக இருக்கிறதா, பால்போல் வெளுத்து நைந்திருக்கிறதா, வாலின் அடியில் சிவப்புக் கோடு ஓடுகிறதா என்று மூன்றையும் தேடினார். சிவப்பு இருந்தால் விப்ரியோ போன்ற கிருமி உள்ளே இறங்கிவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். அப்போது மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் ஆன்டிபயாடிக் கொடுக்கலாம். பெரிய டேங்கில் ஊற்றினால், அமோனியாவைத் தின்று தண்ணீரைக் காக்கும் நல்ல பாக்டீரியாவும் செத்துப்போகும். இந்த வாலில் சிவப்பு இல்லை. இரண்டு இடத்தில் கடிபட்ட கிழிசல் மட்டும்தான்.

கடித்தது பெரியது. கோமாளி மீன்களில் பெரியதுதான் பெண், அதுதான் அதிகாரி. அது செத்தால், கூட இருக்கும் ஆண் பெண்ணாக மாறும். சின்னது உடம்பை நடுக்கிப் பணிந்துகொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் கெட்டுச் சோர்ந்திருந்த நேரத்தில் பணிவு தவறியிருக்கலாம் என்பது அவர் கணிப்பு. டேங்குக்கு நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தடுப்பு ஒன்றை இறக்கினார். இரண்டும் ஒன்றையொன்று பார்க்கலாம், கடிக்க முடியாது.

மீனின் துடுப்பு விசிறியைப்போல: எலும்புக் கதிர்கள், இடையில் மெல்லிய தோல். தோல் மட்டும் கிழிந்தால் சில நாளில் ஒட்டிவிடும். கதிரே ஒடிந்தாலும் மீன் அதைத் திரும்ப வளர்த்துக்கொள்ளும். ஒரு நாளுக்குள் காயத்தைத் தோல் மூடும். அடுத்த இரண்டு மூன்று நாளில் அதற்கடியில் செல்கள் திரளும். புது எலும்பு அந்தத் திரளிலிருந்துதான் முளைக்கும்; நரம்பும் ரத்தக்குழாயும் மிச்சமிருக்கும் துடுப்பிலிருந்து அதற்குள் நீளும். புதுப்பகுதி முதலில் கண்ணாடியாகத் தெரியும், நிறம் பிறகு வரும். பிரான்சைச் சேர்ந்த புரூசொனே 1786-இலேயே மீன் துடுப்பை வெட்டிவிட்டு, அது வளர்வதைக் கவனித்து எழுதியிருக்கிறார். இன்று ஆய்வகங்களில் இதற்குப் பயன்படும் வரிக்குதிரை மீன் நம் நாட்டு ஓடைகளில் இருப்பதுதான். 28 டிகிரி தண்ணீரில் அதன் வால் இரண்டு மூன்று வாரத்தில் முழுதாகிறது. ஆழமாக வெட்டுப்பட்டால் வளர்ச்சி வேகமாகவும், நுனியில் வெட்டுப்பட்டால் மெதுவாகவும் நடக்கிறது. எவ்வளவு இழந்தோம் என்று அந்த இடத்துக்கே தெரிந்திருக்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு வியப்பு அடங்கவில்லை. ஆனால் துடுப்பைத் தாங்கும் அடி எலும்பே போய்விட்டால் திரும்ப வராது. தண்ணீர் குளிர்ந்தாலும் வளர்ச்சி தயங்கும்.

கோபியைப் பெரிய டேங்கில் விடவில்லை. தனித் தொட்டியின் உப்பை முந்தின நாளே கவர்த் தண்ணீருக்குச் சமமாக வைக்கச் சொல்லியிருந்தார். கட்டிய கவரை அதில் மிதக்கவிட்டுச் சூடு சமமானதும் திறந்து, மீனைச் சட்டென்று மாற்றினார். இங்கே வேகம் அவசியம். வழியில் மீன் விட்ட மூச்சால் கவர்த் தண்ணீர் சற்றே அமிலமாகி, அமோனியாவை அடக்கி வைத்திருக்கும். கவரைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறி, அதே அமோனியா நஞ்சாக எழும். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பழக்குகிறேன் என்று ஒரு மணிநேரம் வைத்திருந்தால், அதற்குள் செவுள் வெந்துவிடும்.

கடைக்காரர், உதவியாள் இருவர் கைகளிலும் விரலிடுக்குகள் வெடித்திருந்தன. நாள் முழுக்க உப்பில் நனைகிற கை அது. டேங்குக்குள் கையை விடும்முன் ஒவ்வொரு முறையும் ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கினார்கள். உப்புத்தண்ணீரில் மின்கசிவு உயிரையே வாங்கும்.

பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும், மண்டபத்தில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையமும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிடவைத்து வளர்த்துக் காட்டியிருக்கின்றன. பவளப்பாறையில் துரத்திப் பிடித்த மீனுக்கு வலையிலேயே துடுப்பு கிழிந்துவிடக்கூடும். தொட்டியில் பிறந்தது அந்தக் காயமில்லாமல் வரும். வாங்குகிறவர்கள் எங்கே பிறந்தது என்று கேட்டே வாங்க வேண்டும் என்பேன். துடுப்பு விரிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கிளம்பும்முன் பில் எழுதினார். கோபி, உப்பு, ஏர் பம்ப், தடுப்பு. வால் முளைக்கும்வரை வாரம் ஒருமுறை மலையேறி வந்து தண்ணீர் மாற்றுவதாகச் சொல்லியிருந்தார். அதற்குப் பில்லில் ஒரு வரிகூட இல்லை. ஏன் என்று கேட்டேன். "மீனுக்குத்தான் சார் காசு குடுப்பாங்க, பாத்துக்கிறதுக்கு யாரும் குடுக்க மாட்டாங்க." இந்த வேலையில் கைத்திறன் முழுக்க அந்தப் பார்த்துக்கொள்ளுதலில்தான் இருக்கிறது என்று வீட்டம்மாவிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. வாரக் கூலியும் பெட்ரோலும் தனியாகத் தருவதாக ஒப்புக்கொண்டார். உதவியாள் பில்லை வாங்கி அதையும் ஐந்தாவது வரியாக எழுதினார்.