மண் பிசையக் காசு கட்டினோம்

மகாபொல காசு வந்த கிழமைதான் அந்த முடிவை எடுத்தோம். கன்டீனில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருக்கும்போது ஒருத்தன் போனைக் காட்டினான். நல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டில் மட்பாண்ட வகுப்பாம். ஆறு சனிக்கிழமை, ஆளுக்கு எட்டாயிரம் ரூபா. "எட்டாயிரத்துக்கு எத்தின சட்டி வாங்கலாம் தெரியுமோ?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். நாங்கள் சிரித்தோம். பிறகு அவளும் சேர்த்து நாலு பேரும் பெயர் கொடுத்தோம்.

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு மண்பானை புதுசில்லை. 1980 இல் ஆனைக்கோட்டையில் எங்கள் பல்கலைக்கழகத்து ஆட்கள் அகழ்ந்தெடுத்த ஈமக்குழி, அதற்குள் இருந்த முத்திரை, கூடவே கிடைத்த கறுப்பு-சிவப்பு மட்பாண்டம் என்று பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதுவோம். ஆனால் களிமண்ணைக் கையால் தொட்டதில்லை.

முதல்நாள் சக்கரத்துக்குக் கிட்டவும் விடவில்லை. ஒரு மணித்தியாலம் மண் பிசைந்ததுதான். ரொட்டிக்கு மா குழைக்கிற மாதிரி என்று நினைத்துப் போனோம். ரொட்டி மா இப்படி நாரியை முறிக்காது. மண்ணுக்குள் இருக்கிற காற்றை வெளியேற்றவேணும், ஈரம் எல்லா இடமும் ஒரேயளவாகப் பரவவேணும் என்று சொல்லித்தந்த அக்கா விளங்கப்படுத்தினா. மண் எங்கள் ஊர்ச் சிவப்பு மண் இல்லை. பத்துக் கிலோ பொலித்தீன் பையில் தெற்கிலிருந்து வந்த சாம்பல் நிற மண்.

இரண்டாம் கிழமை சக்கரம். கரண்டில் சுற்றுவது, காலால் மிதித்து வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். மண்ணுருண்டையைச் சக்கரத்தின் நடுவில் நிறுத்துவதுதான் முழு வித்தையும். முழங்கையைத் தொடையில் ஊன்றாவிட்டால் மண் கையைத் தள்ளும், கை மண்ணைத் தள்ளும், கடைசியில் எல்லாம் ஆடும். ஆடுதே என்று தண்ணியைத் தெளித்தால் இளகிச் சரிந்துவிடும். மூன்று பேர் செய்தவை சிகரெட் சாம்பல் தட்ட மட்டும் உதவும். நாலாமவளுக்கு மட்டும் மண் சொன்னபடி எழும்பியது. சட்டியின் விலை கேட்டாளே, அவளுக்கு.

சாமான் வாங்கிய கதையையும் சொல்லவேணும், உங்களுக்கும் உதவும். வகுப்பில் ஒரு செட் மூவாயிரத்து ஐந்நூறு. இரண்டு பேர் வாங்கினார்கள். மற்ற இரண்டு பேரும் டவுனுக்குப் போய் ஒரு ஸ்பொஞ்சும் கொஞ்சம் தங்கூசியும் வாங்கினார்கள். தங்கூசியின் இரண்டு முனையிலும் தடித்துண்டு கட்டினால் மண் வெட்டுகிற கம்பி தயார். பழைய சைக்கிள் கம்பியைக் கூராக்கிப் போத்தல் மூடித் தக்கையில் குத்தினால் ஊசி. காலாவதியான பாங்க் கார்ட் சுவரை வழிக்க நல்லாக இருந்தது. அடியைச் செதுக்குகிற வளையக் கத்தியை மட்டும் செய்ய முடியவில்லை, அதைக் காசு சேர்த்து வாங்கினோம். மொத்தமாக ஆயிரம் தாண்டவில்லை. புதிதாகப் பழகப் போகிறவர்கள் முதல் மாதமே செட் வாங்கவேண்டாம்.

மூன்றாம் கிழமை பஸ்ஸில் வரும்போது அவளிடம் கேட்டோம், "உனக்கு மட்டும் எப்பிடியடி இவ்வளவு கெதியா வருது?"

அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். "எங்கட அம்மப்பா சட்டி பானை செய்தவர்."

மூன்று வருடம் ஒரே விரிவுரை மண்டபத்தில் இருந்திருக்கிறோம். ஒருவரின் சாப்பாட்டுப் பெட்டியில் மற்றவர் கை வைத்திருக்கிறோம். அவள் இதைச் சொன்னதே இல்லை, நாங்களும் கேட்டதில்லை. யாழ்ப்பாணத்தில் இப்ப ஆர் சாதி பார்க்கினம் என்று நாங்களே எத்தனை தரம் சொல்லியிருப்போம். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'முட்டி'. படிக்கிற பிள்ளை மண்ணைத் தொடக்கூடாது என்று தாய் சக்கரத்துக்குக் கிட்டவே விடவில்லையாம். வகுப்புக்குப் போகிறேன் என்று சொன்னதற்கு இரண்டு நாள் கதைக்கவில்லையாம்.

"நீங்கள் செய்தா கலை. அம்மப்பா செய்தா சாதி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எங்களுக்குப் பதில் வரவில்லை. பொங்கலுக்குப் புதுப்பானை வேணும், கும்பம் வைக்கக் குடம் வேணும், செத்த வீட்டுக்குக் கொள்ளிக்குடம் வேணும். அதைக் கொண்டு வருகிறவர் எந்த இடத்தில் நிற்கவேணும் என்பதும் எங்கள் வீடுகளுக்குத் தெரிந்திருந்தது.

ஐந்தாம் கிழமைக்கு முன் எங்கள் கோப்பைகளை முதற்சூளை வைத்தார்கள். ஒன்று வெடித்துப் பக்கத்தில் இருந்ததையும் உடைத்தது. மண்ணுக்குள் காற்று இருந்திருக்கும் என்று அக்கா சொன்னா. அடுத்த நாள் உடைந்த துண்டையும் தப்பிய ஒரு கோப்பையையும் எடுத்துக்கொண்டு அவளின் ஊருக்குப் போனோம். ஊர்ப்பெயர் போடவேண்டாம் என்றாள். மற்றதை எழுதச் சம்மதித்தாள்.

நாங்களும் அம்மப்பா என்றே கூப்பிட்டோம். அவர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடி மொத்தம். உள்ளுக்குக் காயேல்லைப் பிள்ளையள். ஈரம் ஆவியாகி வெளிய வர வழி தேடும், வழி இல்லாட்டி உடைச்சுக்கொண்டு வரும்." பிறகு கோப்பையை விரலால் தட்டிக் காதுக்குக் கிட்டப் பிடித்தார். "சத்தம் நல்லம். ஆனா அடுப்பில வையாதேங்கோ. சமைக்கிற சட்டிக்கு மண்ணில மணல் கலக்கவேணும், அப்பதான் நெருப்புத் தாங்கும்."

அவரின் பழைய பானை ஒன்றில் ஒரு பக்கம் கறுத்திருந்தது. ஏன் என்று கேட்டோம். "சூளையில அந்தப் பக்கம் காத்துப் படேல்லை." கறுப்பு-சிவப்பு மட்பாண்டத்துக்கு நாங்கள் இரண்டு பக்கத்தில் எழுதுகிற விளக்கம் அதுதான். அவருக்கு ஒரு வசனம் போதும்.

சக்கரம் பத்தியில் சாத்திக் கிடந்தது. முந்திக் குளம் வத்தினால் மண் எடுக்கலாம், இப்ப அதற்குக் கடிதம், உழவு இயந்திரக் கூலி. மகன் ஓட்டோ ஓடுகிறார். எவ்வளவு காசு கட்டிப் பழகுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னோம். கன நேரம் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

ஆறாம் கிழமை மெருகு பூசிக் கோப்பைகளை எடுத்து வந்தோம். அவள் தன்னுடையதைத் தாயிடம் கொடுத்தாளாம். தாய் ஒன்றும் சொல்லவில்லை. நாலு நாள் கழித்துக் குசினியில் பார்த்தால் அதற்குள் உப்பு.

அடுத்த வகுப்புக்கு நாங்கள் பெயர் கொடுக்கவில்லை. எங்களுக்குப் பழக்கிவிடுவீர்களோ என்று அம்மப்பாவிடம் கேட்டிருந்தோம். மழை முடியட்டும், மாரியில் ஒன்றும் காயாது, தையில் வாங்கோ என்றார். காசு எவ்வளவு என்று கேட்டதற்கு, "பிள்ளையளிட்ட என்ன காசு" என்று கையை ஆட்டினார்.

அவள் குறுக்கே வந்தாள். "எட்டாயிரம். ஒரு சதமும் குறையாது."

சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.