ஸபூர் செய்யச் சொன்னேன்



ஸபூரைப் பற்றி மத்ரஸாவில் பலமுறை பாடம் நடத்தியவன் நான். அந்தச் சொல்லைப் பிழையான இடத்தில் சொன்ன கதையை இன்று உங்களிடம் சொல்கிறேன்.

2007இல் எனது உம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றினார்கள். சீமெந்து வைக்காத மூட்டு அது. உலோகத்தின் சொரசொரப்பான மேற்பரப்பில் நமது எலும்பே வளர்ந்து பிடித்துக்கொள்ளும். கதிரையில் இருந்து தொழுதாலும், உம்மா பல வருடங்கள் நோவின்றி நடந்தார். நோவில்லையே என்று கிளினிக் போவதையும் விட்டுவிட்டோம்.

2021இல் தொடையின் மேல்மடிப்பில் நோவு தொடங்கியது. "வயசு போனா அப்படித்தான் மகன்" என்றார். நானும், "ஸபூர் செய்யுங்க உம்மா, நற்கூலி இருக்கு" என்றேன். ஒரு வருடம் போயிற்று.

எக்ஸ்ரேயைப் பார்த்த வைத்தியர் விளக்கினார். மூட்டின் கிண்ணத்திலுள்ள பிளாஸ்டிக் தேய்ந்து, கண்ணுக்குத் தெரியாத துகள்கள் உதிர்கின்றன. அவற்றை அழிக்க உடல் நடத்தும் போராட்டத்தில் சுற்றியுள்ள எலும்பே கரைகிறது, பிடி தளர்கிறது. ஒரு காலத்தில் இதைச் சீமெந்தின் குற்றம் என்றே நினைத்தார்களாம். சீமெந்தில்லாத மூட்டிலும் அதுவே நடந்தபோதுதான் உண்மை தெரிந்தது. 1990களின் இறுதியில் தேய்மானம் குறைந்த பிளாஸ்டிக் வந்தது. உம்மாவுக்கு வைத்திருந்ததோ பழைய வகை.

பயப்பட வேண்டாம். 2019இல் வெளியான ஓர் ஆய்வின்படி, 100 இடுப்பு மூட்டுகளில் ஏறக்குறைய 58, 25 வருடங்கள் நீடிக்கின்றன. ஆனால் எலும்பு கரையும்போது பல வருடங்கள் நோவே தெரியாமல் இருக்கலாம். நேரத்தோடு கண்டால் சிலருக்குப் பிளாஸ்டிக்கை மட்டும் மாற்றினால் போதும். உம்மாவுக்கு அந்தச் சந்தர்ப்பம் தவறியது. இரண்டாவது சத்திரசிகிச்சை முதலாவதைவிட நீண்டது, கடினமானது.

அல்ஹம்துலில்லாஹ், இன்று கைத்தடியோடு நடக்கிறார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சுடுகிறது.

சகோதரிகளே, ஸபூர் என்பது மருந்தைத் தேடியபின் மனதை அடக்குவது. தேடாமல் இருப்பதற்குச் சாட்டு அல்ல. உங்கள் உம்மாவுக்கோ மாமிக்கோ மூட்டு மாற்றியிருந்தால், நோவில்லாவிட்டாலும் வைத்தியர் சொன்ன தவணையில் எக்ஸ்ரே எடுங்கள். "வயசு" என்று அவர்கள் சொன்னால் நம்பிவிடாதீர்கள். பிள்ளைகளுக்குச் செலவு வைக்க விரும்பாத தாய்மாரின் வார்த்தை அது.

நம் பெற்றோருக்கு அல்லாஹ் ஆபியத்தைத் தருவானாக. ஆமீன்.